ஒலிநாடாக்களை ஓரிடத்துக்கும் நெகடிவ்களை இன்னோரிடத்துக்கும் கொடுக்கலாமா?

கேள்வி இது: எலெக்ட்ரோ அகூஸ்டிக் இசையில், அதாவது பதிவுசெய்த ஒலிகளையும் மின்னணு ஒலிகளையும் கொண்டு ஆக்கும் இசையில், சோதனை முயற்சிகள் செய்த ஒருவர், வாழ்நாள் முழுவதும் நிலக்காட்சிப் படங்களும் எடுத்திருக்கிறார். அவருடைய சுருள் நாடாக்கள், கேசட்டுகள், நெகடிவ்கள், அச்சிட்ட படங்கள், குறிப்பேடுகள் எல்லாம் இப்போது பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. நாடாக்களை ஓர் இசைக் காப்பகத்துக்கும் படங்களை ஓர் ஒளிப்படக் காப்பகத்துக்கும் கொடுத்துவிடலாமா? எதை முதலில் காப்பாற்ற வேண்டும்?

பிரிக்க வேண்டாம் என்பதே என் பதில். அலமாரிகள் வேறு வேறாக இருக்கலாம். இருந்தாகவும் வேண்டும், அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பட்டியல் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவரிடமிருந்து வந்த ஆவணங்களை அவருடைய தொகுதியாகவே பேண வேண்டும் என்ற விதியைப் பிரெஞ்சு ஆவணக் காப்பகங்கள் 1841-லேயே வகுத்துக்கொண்டன. அரசுக் கோப்புகளுக்காக எழுந்த விதிதான் அது. ஆனால் ஒலியும் படமும் சேர்ந்து செய்த கலைஞர்களுக்கு அது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இதற்கு பெர்னி க்ராஸின் பதிவுகளைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை இசையுலகில் பரப்பியவர்களில் ஒருவராக இருந்து, பிறகு இயற்கை ஒலிகளைப் பதிவுசெய்வதையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர் அவர். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்ற புல்வெளி இருக்கிறது. அங்கே மரங்களைத் தேர்ந்தெடுத்து மட்டும் வெட்டப்போவதாகவும், அதனால் சூழலுக்குப் பாதிப்பு வராது என்றும் வெட்டும் நிறுவனம் சொன்னது. வெட்டுக்கு முன்னால், 1988-ல், விடியற்காலை ஒலிகளை க்ராஸ் பதிவுசெய்தார். ஓராண்டு கழித்து அதே பருவத்தில், அதே வேளையில் மீண்டும் போய்ப் பதிவுசெய்தார். புல்வெளியைப் படமெடுத்துப் பார்த்தால் எதுவுமே மாறவில்லை. மரங்கள் நின்றன, பசுமை இருந்தது. ஒலியில் பறவைகளின் செறிவு போய்விட்டிருந்தது. ஓடையின் சத்தம், மரங்கொத்தியின் தட்டல் ஆகியவற்றைத் தவிர அதிகம் மிஞ்சவில்லை.

இந்தப் படத்தை ஓர் ஊரிலும் நாடாவை வேறோர் ஊரிலும் வைத்துவிட்டால் என்ன ஆகும்? படத்தைப் பார்ப்பவர் காடு நலமாக இருப்பதாக எழுதுவார். நாடாவைக் கேட்பவர், அன்று பறவைகள் எதனாலோ அடங்கியிருந்தன என்று எண்ணிக்கொள்வார். இரண்டையும் சேர்த்து வைத்தவருக்கு மட்டுமே நடந்தது புரியும்.

அடுத்து, இந்த இசையின் இயல்பு. காகிதத்தில் எழுதிய இசைக்குறிப்பு இருந்தால் நாடா தொலைந்தாலும் இன்னொருவர் வாசித்துவிடலாம். இங்கே பெரும்பாலும் அப்படிப்பட்ட குறிப்பு கிடையாது. பிரெஞ்சு இசையமைப்பாளர் பியேர் ஷேஃபர் 1948-ல் பாரிஸ் வானொலியில் ரயில் எஞ்சின் ஒலிகளைக் கொண்டு உருவாக்கிய படைப்புக்கு, பதிவுத் தட்டே படைப்பு. ஒரு சுழியிலேயே ஊசி திரும்பத் திரும்பச் சுற்றும்படி தட்டில் பள்ளம் வெட்டி, ஒரு துண்டு ஒலியை அதன் மூலத்திலிருந்து பிரித்தெடுத்தார். நாடா வந்த பிறகு கத்தரியும் ஒட்டு நாடாவும் இசையமைப்பாளரின் கருவிகளாயின. அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் 1952-ல் எட்டு நாடாத் தடங்களுக்காகச் செய்த 'வில்லியம்ஸ் மிக்ஸ்' ஓர் அரிய விதிவிலக்கு: எந்த நாடாவை எந்தக் கோணத்தில், எவ்வளவு நீளத்துக்கு வெட்ட வேண்டும் என்று உண்மை அளவிலேயே வரைந்த நூற்றுக்கணக்கான பக்க வரைபடம் அதற்கு உண்டு. நான்கு நிமிடத்தைச் சற்றே தாண்டும் இசைக்கு அத்தனை பக்கங்கள். மற்றவர்கள் பெரும்பாலும் அப்படி எழுதி வைக்கவில்லை. எனவே நாடா அழிந்தால் படைப்பும் அழிந்துபோகும்.

பெட்டியைத் திறப்பவரை இன்னொன்றும் ஏமாற்றும். பிரெஞ்சு இசையமைப்பாளர் லூக் ஃபெராரியின் 'ப்ரெஸ்க் ரியான்' முதல் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். குரோவேஷியாவின் வேலா லூகா என்ற மீன்பிடி ஊர் விடியலில் விழித்தெழும் ஒலிகள். படகு எஞ்சின், கழுதை, பேச்சு, பூச்சிகள். 1970-ல் முடிக்கப்பட்ட படைப்பு. முன்பின் தெரியாமல் கேட்பவர் இதை 'களப்பதிவு, காலை நேரம்' என்று எழுதி ஓரமாக வைத்துவிடுவார். உண்மையில் அது பல நாள் பதிவுகளிலிருந்து தேர்ந்து, வெட்டி, ஒரே காலைப்பொழுது போலத் தோன்றும்படி இழைத்த இசை. நீங்கள் கேட்கும் தொகுதியிலும் இதே சிக்கல் வரும். எது கச்சாப் பதிவு, எது இடைநிலைக் கலவை, எது முடிந்த படைப்பு என்பதைக் காது மட்டும் சொல்லாது. நாடாப் பெட்டியின் முதுகில் பென்சிலால் எழுதியது, குறிப்பேட்டின் ஒரு வரி, அதே நாளில் எடுத்த ஃபிலிம் சுருளின் உறை இவைதான் சொல்லும். எனவே ஒரு பெட்டியையும் 'ஒழுங்குபடுத்தி' விடாதீர்கள். இருக்கிற நிலையிலேயே, எது எதன் மேல் இருந்தது என்பது தெரியும்படி முதலில் படமெடுத்துவிடுங்கள்.

ஒளிப்படத்தில் மூலம் எது என்ற கேள்விக்குப் பதில் வேறு. அமெரிக்க நிலக்காட்சி ஒளிப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் இளமையில் பியானோ பயின்றவர். நெகடிவை இசைக்குறிப்புக்கும் அச்சுப் படத்தை நிகழ்த்துதலுக்கும் ஒப்பிட்டவர். அவர் நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் ஊரில் எடுத்த நிலவுப் படம் ஒரே ஒரு நெகடிவிலிருந்து பல பத்தாண்டுகளாக அச்சிடப்பட்டது. தொடக்க கால அச்சுகளில் வானம் வெளிறி மேகத் தீற்றல்களோடு இருக்கும். பிற்கால அச்சுகளில் ஏறக்குறையக் கறுத்துவிடும். நெகடிவை மட்டும் வைத்துக்கொண்டு அச்சுகளைக் கழித்துவிட்டால், கலைஞர் எடுத்த முடிவுகள் போய்விடும். அதனால் ஒரே படத்துக்கு நான்கு அச்சுகள் இருந்தால் நான்கையும் வையுங்கள். மெழுகுப் பென்சிலால் வட்டமிட்டுத் தேர்வுகளைக் குறித்த காண்டாக்ட் தாள்கள் (ஒரு சுருளின் படங்களையெல்லாம் நெகடிவ் அளவிலேயே ஒரே தாளில் அச்சிட்டவை) என் பார்வையில் நெகடிவுக்கு நிகரானவை.

இனி, கெட்டுப்போகும் விதத்துக்கு வருவோம். உங்கள் பெட்டிகளில் நாடாவும் ஃபிலிமும் ஒரே நோயால் சாகக்கூடும். 1960-களுக்கு முந்தைய பல ஒலிநாடாக்களுக்கும், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஃபிலிம்களுக்கும் அடித்தளம் செல்லுலோஸ் அசிடேட். ஈரமும் வெப்பமும் பட்டால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடுகிறது. அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவாக்குகிறது. பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாசம் அடித்தால் இதுதான். அந்தப் பெட்டியை உடனே மற்றவற்றிலிருந்து ஒதுக்குங்கள். அமிலத்தின் அளவுக்கேற்ப நீலத்திலிருந்து பச்சைக்கும் மஞ்சளுக்கும் நிறம் மாறும் சோதனைத் தாள் துண்டுகள் கிடைக்கின்றன. மூக்கை நம்புவதைவிட அவற்றைப் போட்டுப் பார்ப்பது நல்லது. வாசம் வருவதற்குள் பாதிக் கதை முடிந்திருக்கும்.

1970, 1980-களின் பாலியெஸ்டர் நாடாக்களுக்கு வேறு நோய். காந்தத் துகள்களை ஒட்டிப் பிடிக்கும் பாலியூரிதேன் பிணைப்பு ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகிவிடும். ஆம்பெக்ஸ் 456 இதற்குப் பேர்போனது. இயந்திரத்தில் போட்டால் நாடா கிறீச்சிடும், ஒலியைப் படிக்கும் காந்தத் தலையில் பழுப்புப் படிவு சேரும், சில வேளை பூச்சே உரிந்து வரும். இதற்கான மருந்து, 50 டிகிரி செல்சியஸ் அளவிலான சீரான வெப்பத்தில் பல மணி நேரம் நாடாவை உலர்த்துவது. பிறகு சில வாரங்களுக்கு நாடா ஓடும். அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். ஆனால் இதே வெப்பம் அசிடேட் நாடாவை நாசமாக்கிவிடும். ஆகவே முதலில் இனம் காணுங்கள். சுருளை வெளிச்சத்துக்கு நேரே பக்கவாட்டில் பிடித்தால் அசிடேட் சுருளில் ஒளி ஊடுருவித் தெரியும். பாலியெஸ்டர் சுருள் பெரும்பாலும் ஒளியை மறைக்கும். தெளிவாகத் தெரியாவிட்டால் சூடாக்கவே கூடாது. சமையலறை அடுப்பு இந்த வேலைக்கு ஆகாது.

இந்த இசைக்கே உரிய இன்னொரு தொல்லை ஒட்டுகள். பேச்சுப் பதிவு நாடாவில் ஓரிரு ஒட்டு இருக்கும். வெட்டி ஒட்டிச் செய்த படைப்பில் ஒரு நிமிடத்துக்குள் பல பத்து ஒட்டுகள் இருக்கலாம். பசை காய்ந்து ஒவ்வொன்றாகக் கழன்றுவிடும், அல்லது கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டிக்கொள்ளும். கழன்ற துண்டுகளின் வரிசை கலைந்தால் படைப்பை மீண்டும் அமைக்கச் சான்று இருக்காது. எனவே ஒரு சுருளை மேசையில் வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்காமல் இயந்திரத்தில் போட அனுமதிக்காதீர்கள். கழன்ற ஒவ்வோர் இடத்திலும் திசையைக் குறித்துக்கொண்டு புதிதாக ஒட்டச் சொல்லுங்கள்.

டிஜிட்டலாக மாற்றுவதற்கு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் அலைக் கோப்பு (WAV) இன்று பரவலாக ஏற்கப்பட்ட அளவு. இரு தட ஒலியில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஜிகாபைட். எண்களைவிட முக்கியமானவை ஓட்டும் வேகம், எத்தனை தடம், பதிவில் தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைச் சமன்செய்தது (ஈக்வலைசேஷன்) அமெரிக்க முறையிலா ஐரோப்பிய முறையிலா, டால்பி போன்ற இரைச்சல் குறைப்பு உண்டா, தலையின் கோணம் சரியா என்பவை. நாடாத் தொடக்கத்தில் சோதனைச் சுரங்கள் இருந்தால் அவை பொக்கிஷம். அவற்றை வைத்தே இயந்திரத்தைச் சரிசெய்ய முடியும். 'வெறும் பீப் சத்தம்' என்று அவற்றைக் கோப்பிலிருந்து வெட்டி எறியும் நிலையங்கள் இருக்கின்றன.

இரைச்சலை நீக்கித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. ஹம், ஹிஸ், திடீர் வெட்டின் 'டிக்' ஆகியவை இந்த இசையில் இசைப்பொருளாகவே இருக்கக்கூடும். எது விரும்பிச் செய்தது, எது நாடாவின் குறை என்று மென்பொருளால் முடிவுசெய்ய முடியாது. மூலக் கோப்பு கைபடாமல் இருக்கட்டும். கேட்பதற்கான பிரதியில் வேண்டுமானால் துடைத்துக்கொள்ளலாம். படங்களுக்கும் இதே விதி. ஸ்கேன் செய்த மூலக் கோப்பில் நிறத்தைத் திருத்தாதீர்கள், கீறலை அழிக்காதீர்கள். அச்சின் பின்புறத்தையும் உறையையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

சில படைப்புகளுக்கு நாடா மட்டும் போதாது. இசையமைப்பாளர் எட்கார் வரேஸின் 'போயெம் எலெக்ட்ரோனிக்' 1958-ல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியின் ஃபிலிப்ஸ் அரங்கில், வளைந்த சுவர்களில் பொருத்திய 300-க்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகள் வழியே, ஒலி அந்தரத்தில் ஓடும்படி ஒலித்தது. அடுத்த ஆண்டே அரங்கை இடித்துவிட்டார்கள். இன்று இரண்டு ஒலிபெருக்கிகளில் கேட்பது அதன் ஒரு பகுதியை மட்டுமே. உங்கள் தொகுதியில் நான்கு அல்லது எட்டுத் தட நாடாக்கள் இருந்தால், ஒலிபெருக்கிகளை எங்கே வைத்தார் என்ற கைவரைபடம் எங்காவது ஒரு துண்டுக் காகிதத்தில் இருக்கும். அதைத் தேடுங்கள். கணினி நிரல்களோடு செய்த படைப்புகளுக்கு நிரல் கோப்பை மட்டும் நம்ப வேண்டாம். எந்த ஒலி உள்ளே போனால் அதற்கு என்ன ஆகிறது என்று எந்த இயந்திரத்தின் பெயரும் இல்லாமல் எளிய சொற்களில் எழுதி வையுங்கள். கணினி போனாலும் அந்த விவரிப்பைப் படித்து இன்னொருவர் மீண்டும் கட்டலாம்.

இப்போது அலமாரி விஷயம். வண்ண நெகடிவ்களின் சாயம் இருட்டிலும் மங்கும். உறைநிலைக்குக் கீழான குளிரில், உலர்ந்த சூழலில்தான் அவை நீண்ட காலம் தாங்கும். காந்த நாடாவையோ உறைய விடக் கூடாது. மசகுப் பொருள் பிரிந்து வந்துவிடும் ஆபத்து உண்டு. அவற்றுக்கு மிதமான குளிர்ச்சியும், ஏறி இறங்காத ஈரப்பதமும் போதும். கண்ணாடி நெகடிவ்கள் இருந்தால் நீண்ட விளிம்பில் நிறுத்தி வைக்க வேண்டும், அடுக்கக் கூடாது. பிவிசி உறைகள் எதற்குமே வேண்டாம். ஆகவே அறைகள் பிரிந்துதான் ஆக வேண்டும். அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது பட்டியல்.

அந்தப் பட்டியலைப் பொருள்வாரியாக இல்லாமல் இடமும் நாளும் கொண்டு தொடங்குங்கள். 'ஆற்று முகத்துவாரம், இந்த ஆண்டு, இந்த மாதம்' என்ற ஒரே பதிவின் கீழ் அன்றைய நாடா, அன்றைய ஃபிலிம் சுருள், குறிப்பேட்டுப் பக்கம், அதிலிருந்து பின்னால் பிறந்த படைப்பு எல்லாம் வரட்டும். நாளை நிறுவப் படமே உதவும். மேலே சொன்ன ஹெர்னாண்டஸ் படத்துக்கு ஆடம்ஸ் நாள் குறித்து வைக்கவில்லை. வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லிவந்தார். நிலவின் இருப்பைக் கணக்கிட்ட வானியலாளர்கள் அது 1941 நவம்பர் 1 மாலை என்று நிறுவினார்கள். நிழலின் நீளமும், மலையில் பனி இருக்கும் உயரமும் ஒரு நாடாவின் பருவத்தை உங்களுக்குச் சொல்லிவிடலாம். எதிர்த்திசையிலும் இது நடக்கும்: படத்தில் தெரியாத அணையையோ நெடுஞ்சாலையையோ நாடா காட்டிக்கொடுக்கும்.

இந்த விவரங்கள் பிற்காலத்தவர் மீண்டும் அங்கே போய் நிற்பதற்கு வேண்டும். ஒளிப்படக் கலைஞர் மார்க் க்ளெட்டும் அவருடைய குழுவினரும் 1977 முதல் 1979 வரை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க மேற்கைப் படமெடுத்த நில அளவைக் குழுக்களின் இடங்களைத் தேடிப்போய், அதே நிலையில் கேமராவை வைத்து மறுபடி எடுத்தார்கள். பழைய படத்தில் பாறைகளின் அணிவகுப்பும் நிழலும் இருந்ததால் அது முடிந்தது. ஒலிக்கு அப்படிப்பட்ட உள்சான்று குறைவு. மைக் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, காற்று எப்படி என்று எழுதி வைக்காவிட்டால் மறுபதிவை ஒப்பிட வழியில்லை. கனடிய இசையமைப்பாளர் மரே ஷேஃபர் தலைமையில் கனடாவின் சைமன் ஃப்ரேஸர் பல்கலைக்கழகத்தில் இயங்கிய உலக ஒலிச்சூழல் திட்டத்தின் பதிவுகள் இன்றும் பயன்படுவதற்கு, அவர்கள் ஒலியோடு விவரத்தையும் பேணியது ஒரு காரணம்.

எதை முதலில்? டிஜிட்டல் ஒலிநாடாக்கள், அதாவது டாட், தொகுதியில் இருந்தால் அவைதான் முதலில். அவற்றை ஓட்டும் இயந்திரங்கள் அருகிவிட்டன. பழைய நாடா மெல்ல மங்கும், இதுவோ ஒரு நாள் சட்டென்று படிக்க மறுக்கும். அடுத்து வினிகர் வாசம் அடிக்கும் எதுவும், பிறகு பிசுபிசுக்கும் நாடாக்கள், வண்ண நெகடிவ்கள். கறுப்பு வெள்ளை நெகடிவ்களும் நன்றாகக் கழுவிய அச்சுகளும் காத்திருக்கும். எடுத்த கோப்புகளுக்கு மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு ஊரில். 2017-ல் வடக்குக் கலிஃபோர்னியக் காட்டுத்தீயில் பெர்னி க்ராஸின் வீடு எரிந்துபோனது; ஒலிப்பதிவுகளின் பிரதிகள் வேறிடத்தில் இருந்ததால் அவை தப்பின. ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை (கோப்பு மாறினால் தானும் மாறிவிடும் எண், செக்சம்) எடுத்து வைத்து, ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவு உழைப்புக்குப் பலன் இருக்குமா என்ற தயக்கம் வேண்டாம். பிபிசியின் ஒலிக் கூடத்தில் பணியாற்றிய மின்னிசைக் கலைஞர் டீலியா டெர்பிஷயர் 2001-ல் மறைந்த பிறகு அவர் வீட்டுப் பரணில் 267 நாடாக்கள் கிடைத்தன. இன்று அவை மான்செஸ்டரில் பேணப்படுகின்றன. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-ல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் உதவியோடு மூக் சிந்தசைசருடன் ஒரு மின்னிசைக் கூடம் அமைந்தது. கீதா சாராபாய் உள்ளிட்டோர் அங்கே படைத்தவை பல பத்தாண்டுகள் யார் காதிலும் விழவில்லை. பிரிட்டிஷ் இசைக் கலைஞர் பால் பர்கஸ் அந்த நாடாக்களைக் கண்டெடுத்த பிறகு 2023-ல் ஒரு தொகுப்பு வெளிவந்தது. இந்தியாவில் மின்னிசை எப்போது தொடங்கியது என்று எழுதுபவர்கள் தங்கள் தேதியையே மாற்ற வேண்டியிருந்தது. அந்த நாடாக்களை யாரோ தூக்கி எறியாமல் விட்டிருந்தார்கள் என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

பொதுப் பார்வைக்குத் திறக்கும்போது உரிமை விஷயத்தை எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள். களப்பதிவில் பிறர் பேச்சு, பாட்டு, சடங்கு இருந்தால் அந்த மக்களிடம் கேட்க வேண்டிய கடமை உண்டு. அரிய பறவைகள் கூடுகட்டும் இடத்தின் துல்லியமான நில ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) பட்டியலில் வைத்திருங்கள், இணையத்தில் காட்டாதீர்கள்.

நிறுவனங்களிடம் பேசப் போகும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: நாடாவும் படமும் ஒரே தொகுதி எண்ணின் கீழ் இருக்குமா, டிஜிட்டலாக்கிய பிறகு மூலங்களை என்ன செய்வார்கள், மூல அளவிலான கோப்புகளின் பிரதி உங்களுக்குக் கிடைக்குமா. முதல் கேள்விக்கு 'இசைத் துறையைத்தான் கேட்க வேண்டும்' என்ற பதில் வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். அதற்கிடையே, அவரோடு களத்துக்குப் போனவர்கள், ஒலிக்கூடத்தில் உதவியவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் இந்த மாதமே அவர்களை உட்காரவைத்து, நாடாவை ஓடவிட்டு, படங்களை முன்னால் பரப்பி, அவர்கள் சொல்வதைப் பதிவுசெய்துவிடுங்கள். நாடாக்கள் இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கக்கூடும்.